படத்தில் இருந்த பூவின் பெயர்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் இரண்டு நிபந்தனை வைத்தாள். ஆட்களின் பெயரை மாற்ற வேண்டும். பூவின் பெயரை மாற்றக் கூடாது.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸிலிருந்து பிரெடெரிசியாவுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில், எதிர் இருக்கையில் இருந்துகொண்டு சொன்னாள்:

"ஆக்களை நீங்கள் என்னவும் செய்யுங்கோ அண்ணை. பூவைப் பிழையா எழுதிப் போடாதேங்கோ. பூவாலை தான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது."

ஆகவே அவளுக்குக் கிருபாஷினி என்று பெயர் வைக்கிறேன். கணவனுக்கு அன்புராஜா. தம்பிக்குக் குலேந்திரன். பூவின் பெயர் அது வரவேண்டிய இடத்தில் வரும்.

முதல் வரியை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். 'முள்ளிவாய்க்கால் கடற்கரையில் மே மாதத்து வெயில்' என்று ஒன்று தொடங்கியது. பாதியில் விட்டேன். அந்தக் கடற்கரையை நான் கண்டதில்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் முழுவதும் நான் ஹோர்சன்ஸில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. நான் கண்டது, பிரெடெரிசியாவில் உள்ள எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு பெண் ஞாயிறுக்கு ஞாயிறு மெலிந்துகொண்டே போனதை.

2

குலேந்திரன் கிருபாஷினிக்கு ஆறு வயது இளையவன். கிளிநொச்சிப் பக்கம் கணக்குப் படிப்பித்த வாத்தியார். அவள் தொண்ணூறாம் ஆண்டு நாட்டை விட்டு வரும்போது அவனுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு அவனை அவள் நேரில் காணவில்லை. தொலைபேசியில்தான் அவனுக்குக் குரல் உடைந்தது, வேலை கிடைத்தது, கலியாணம் நடந்தது. அவன் மனைவி யோகமலர் மகளின் இதய ஓட்டைக்கு வைத்தியம் பார்க்கச் சென்னைக்குப் போனவள். சண்டை இறுகியதால் திரும்ப முடியாமல் வளசரவாக்கத்தில் ஓர் அறையில் தங்கிவிட்டாள்.

அவனுடைய கடைசி அழைப்பு மே ஒன்பதாம் தேதி.

"அக்கா, எல்லாரும் கரையிலை தான் நிக்கிறம். யோகத்துக்குச் சொல்லுங்கோ, நான்..."

அவ்வளவுதான். லைன் அறுந்தது. (அந்த 'நான்'-க்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிருபாஷினி வாசித்துவிட்டு, "அது உங்கடை வேலை இல்லை" என்றாள். எடுத்துவிட்டேன்.)

மே பதினெட்டு, போர் முடிந்தது என்று எல்லா வானொலியும் சொன்னது. கிருபாஷினி அப்போது தான் வேலை செய்யும் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்தாள். வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்காமல் சுவரோடு சாய்ந்து நின்றபடி கணவனிடம் சொன்னாள்:

"தம்பியின்ரை செய்தி வருமட்டும் எனக்கு ஒரு நேரக் கஞ்சி தான். கர்த்தருக்குச் சொல்லிப் போட்டன்."

அன்புராஜா முதல் கிழமை கெஞ்சினார். இரண்டாம் கிழமை சத்தம் போட்டார். மூன்றாம் கிழமையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை எனது முதற்பிரதியில் 'பொறுமை' என்று எழுதியிருந்தேன். தவறான சொல். வேறு சொல் கிடைக்கும்வரை அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும்.

யூன் நடுப்பகுதியில் அவள் பதினொரு கிலோ குறைந்திருந்தாள். பாட்டு நேரத்தில் எழுந்து நிற்க மாட்டாமல் முன் வரிசை வாங்கைப் பிடித்துக்கொண்டாள். குடும்ப வைத்தியர் அன்புராஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு கிழமை இப்படிப் போனால் சிறுநீரகம் பழுதாகும் என்று சொன்னார்.

யூன் இருபத்தொன்று, அவளுடைய மின்னஞ்சலுக்கு ஒரு படம் வந்தது.

3

படத்தில் இடுப்பளவு உயரத்துக்கு நீலப் பூக்கள். நீலமென்றால் சுத்த நீலமில்லை, ஊதா கலந்தது. அதற்கு நடுவில் ஒரு மனிதன், முதுகைக் காட்டிக்கொண்டு. மேலுக்குச் சட்டையில்லை. இடுப்பில் கட்டம் போட்ட சாரம், தலையில் சால்வைத் துண்டு. முகம் பாதி திரும்பியிருந்தது, ஆனால் கலங்கல். மேல் விளிம்பில் கறுப்பாக ஒரு மர வரிசை.

கீழே ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் இரண்டு வரி: 'அக்கா, நான் சுகம். போன் இல்லை, என்னைத் தேட வேண்டாம், சாப்பிடுங்கோ.'

கிருபாஷினி கத்தவில்லை, அழவுமில்லை. கணினித் திரையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். திரை சூடாக இருந்ததாம். அந்தச் சூடு தன் தம்பியின் முதுகுச் சூடு என்று ஒரு கணம் தனக்குப் பட்டது என்று சொன்னாள்.

அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டாள். அன்புராஜா குழைத்து வாயில் தீத்திவிட்டார்.

"இது என்ன பூ, இஞ்சருங்கோ? வன்னியிலை இப்பிடி ஒண்டை நான் காணேல்லையே."

"தேள்கொடுக்கு தானே" என்றார் அன்புராஜா. "பாரும், நுனி சுருண்டு கிடக்குது. வயல்கரையெல்லாம் நிக்கும், மறந்து போனீரோ?"

சுருண்டுதான் கிடந்தது. தேளின் வால் மாதிரி, ஒவ்வொரு பூங்கொத்தும் நுனியில் வளைந்து உள்ளே மடங்கியிருந்தது. ஓம், தேள்கொடுக்குதான் என்று அவளும் நினைத்தாள். பத்தொன்பது வருடம் காணாத செடி, நிறம் மறந்திருக்கும்.

படத்தை யோகமலருக்கு அனுப்பினாள். ஒரு மணித்தியாலத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

"மச்சாள், மெலிஞ்சு போனார். ஆனா தோள் அவரின்ரை தான். அந்தத் தோளை எனக்குத் தெரியாதோ?"

பின்னால் ஒரு சின்னக் குரல் 'அப்பா, அப்பா' என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. யோகமலரின் மகள். ஆறு வயது.

அடுத்த ஞாயிறு பிரெடெரிசியாவில், சபைக்கு முன்னால் நின்று, கர்த்தர் தம்பியைக் காத்தார் என்று கிருபாஷினி சாட்சி சொன்னாள். பெரிதாக அச்சடித்த படத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். சபை எழுந்து நின்று கை தட்டியது. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன்.

(இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் பார்த்தேன். வேண்டாம், நானே திரும்பி வருகிறேன்.)

4

கிருபாஷினி படத்தின் சிறிய பிரதி ஒன்றை வேலையிடத்தில் தன் லொக்கர்க் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். யூலை இரண்டாம் கிழமை, ஷிஃப்ட் முடிந்து சப்பாத்து மாற்றும்போது, பக்கத்து லொக்கர்க்காரி கிர்ஸ்டன் எட்டிப் பார்த்தாள். கிர்ஸ்டன் அறுபதை நெருங்கிய டெனிஷ்காரி. வீட்டில் ஒன்பது தேனீப் பெட்டி வைத்திருந்தாள். அவர்கள் டெனிஷில் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

"அட, ஹொனிங்ஊர்ட்! எங்கே எடுத்தது, ஊருக்கு வெளியே இருக்கிற வயலா?"

"இல்லை. இது என் நாடு. இது என் தம்பி."

"உங்கள் நாட்டிலும் இதை விதைக்கிறார்களா?"

"விதைக்கிறதில்லை. தானாக முளைக்கும்."

கிர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தாள். "இதைத் தேனீக்காக நான் வருஷா வருஷம் விதைக்கிறேன், கிருபா. இது இங்கே உள்ள செடியே இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்திலிருந்து விதை வந்தது. அவ்வளவு சூட்டில், உங்கள் நாட்டில்..." என்று தொடங்கியவள் கிருபாஷினியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நான் பிழையாகவும் சொல்லலாம். படம் சின்னது."

படம் சின்னதுதான். அதைத்தான் கிருபாஷினி பிடித்துக்கொண்டாள். கிர்ஸ்டன் பிழை என்று காட்டிவிட்டால் போதும். அதற்காகவே அவள் பூவைப் படிக்கத் தொடங்கினாள்.

5

நகர நூலகத்தில் செடிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய படத்தை மேசையில் விரித்தாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். படத்தில் மனிதன் கலங்கலாக இருந்தான், பூக்கள் கலங்கவில்லை. கமெரா தனக்குக் கிட்ட நின்ற செடிகளைத்தான் கூர்மையாகப் பிடித்திருந்தது. கீழ் விளிம்பில் நின்ற மூன்று செடியின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

இலை: தேள்கொடுக்குக்கு அகன்ற, சுருக்கம் விழுந்த முழு இலை. படத்தில் இருந்ததோ இறகு மாதிரி நறுக்கு நறுக்காகப் பிரிந்த இலை. முதலில் அதை வேறு ஏதோ புல் என்று நினைத்திருந்தாள். விரலால் தண்டு வழியே தொட்டுக்கொண்டு போனபோது இலை பூத்தண்டிலேயே போய் முடிந்தது.

பூ: ஐந்து இதழ், அடியில் ஒட்டிச் சின்ன மணி மாதிரி. தேள்கொடுக்குப் பூவில் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. இதில் ஐந்து மகரந்தத் தாள்கள் பூவைவிட நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, பூனை மீசை மாதிரி.

சுருள்: இரண்டுக்கும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்று புத்தகம் சொன்னது. அந்த ஒரு வரிக்காக அவள் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டாள். ஒரே குடும்பம். ஆகவே இருக்கலாம். ஆகவே, ஒருவேளை...

அடுத்த வரியை அகராதியோடு வாசித்தாள். ஹொனிங்ஊர்ட், தேன்பூண்டு. தாவரவியலில் ஃபசீலியா. ஒரே வருடத்தில் முளைத்துப் பூத்து விதைத்துச் சாகும் செடி. பிறப்பிடம் கலிபோர்னியாவின் வறண்ட புல்வெளிகளும் முட்புதர்ச் சரிவுகளும். டென்மார்க்கில் தேனீக்காகவும் நிலத்துக்குப் பசளையாகவும் விதைக்கப்படுகிறது.

புத்தகத்தை மூடி, எடுத்த தட்டிலேயே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

ஊருக்கு வெளியே, கிர்ஸ்டன் சொன்ன வயலைத் தேடிப் போக, கால் மணித்தியாலத்தில் அந்த வயல் வந்தது. மாலை ஆறு மணி, நல்ல வெயில். முழு வயலும் ஊதா நீலம். தேனீக்களின் இரைச்சல் மின்கம்பி இரைவது மாதிரி இருந்தது. அவள் குனிந்து ஒரு செடியைப் பிடித்தாள். நறுக்கிய இலை. மணிப் பூ. பூனை மீசை. எண்ணினாள்: ஐந்து. இன்னொன்றில் எண்ணினாள்: ஐந்து. இன்னும் எத்தனை பூவில் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது.

நிமிர்ந்தபோது எதிரே, வயலின் கடைசியில், கறுப்பாக மர வரிசை நின்றது. காற்றுக்கு மறைப்பாக நட்ட ஊசியிலை மரங்கள். மூன்று கிழமையாக அவள் அவற்றைப் பனை என்று நினைத்திருந்தாள்.

படத்தை நீட்டிப் பிடித்தாள். இடப்பக்கம் ஒரு மரம் மொட்டையாக இருந்தது. படத்திலும் மொட்டையாக இருந்தது.

சைக்கிளைப் பாதையோரம் நிறுத்திவிட்டு அதன் பின்னால் போய்க் குந்தினாள். சீற்றின் உயரத்திலிருந்து பார்த்தால் படம் அச்சொட்டாகப் பொருந்தியது. யாரோ கமெராவைச் சைக்கிள் சீற்றில் வைத்துவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றிருக்கிறார்கள். தனியாக.

அதற்குப் பிறகுதான் தோளைப் பார்த்தாள். வலத்தோள் இடத்தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் பதினாறு வருடம் பெட்டி தூக்கி இறங்கின தோள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே தைலம் போட்டு உருவிவிடும் தோள்.

கிருபாஷினி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பூக்களுக்குள் இருந்துவிட்டாள். கைச்சட்டையில் தேனீக்கள் ஊர்ந்தன. ஒன்றையும் அவள் தட்டிவிடவில்லை.

(இந்த இடத்தில் நான் ஓர் உவமை எழுதியிருந்தேன். அவள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானே வெட்டினேன்.)

6

அன்புராஜா குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவள் படத்தைத் தோல்களுக்கு மேல் வைத்தாள்.

"இது ஹொனிங்ஊர்ட்" என்றாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தேள்கொடுக்கு எண்டு தான் நினைச்சன்" என்றார். "சத்தியமா. வேலைக்குப் போற வழியிலை கண்டனான். எங்கடை ஊர்ச் செடி மாதிரிக் கிடந்தது. அதாலை தான் அங்கை நிண்டு..."

"தம்பி எங்கை?"

அவர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"நான் கேக்கிறன். தம்பி எங்கை?"

"நீர் முதல்லை இரும்."

"இருக்க மாட்டன். சொல்லுங்கோ."

அவர் சொன்னார். மே இருபத்துநாலு, ஞாயிறு, அவள் சபையில் இருந்த நேரம் வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் காயப்பட்டுக் கிடந்த விமலராணி என்ற பெண், யாருடையதோ கைபேசியில் பேசினாள். குலேந்திரனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவள். மே பதினாறு காலை ஷெல் விழுந்தது. தானும் இன்னும் இரண்டு பேரும்தான் அவனைப் புதைத்து மண் போட்டதாகச் சொன்னாள். அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

"அண்டைக்கு நீர் உபவாசம் இருந்து ஆறு நாள்" என்றார் அன்புராஜா. "பின்னேரம் வந்தீர். படியிலை ஏற ஏலாமல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டீர். நான் நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த நாளும் அப்பிடித்தான் நினைச்சன். பிறகு டொக்டர் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் பயம் வந்திட்டுது."

"யோகத்துக்கு அனுப்பேக்கை ஏன் மறிக்கேல்லை?"

"நீர் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்."

அவ்வளவுதான் அவர் பதில். நீர் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்.

அவள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். வீட்டில் உள்ள உடுப்பு எல்லாவற்றையும் தோய்க்கிறவள் அவள்.

"அந்தச் சாரம் ஆரின்ரை?"

7

என்னுடையது.

முதற்பகுதியில், கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குகிறேன் என்று பெரிதாகச் சொன்னேன். கண்டதில் பாதியை மறைத்தேன். யூன் மாதம் அன்புராஜா என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஒரு சாரம் தாறியளோ, பழசெண்டாலும் பறவாயில்லை" என்று கேட்டார். மண்ணிறத்தில் பச்சைக் கட்டம் போட்டது ஒன்றைக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் தோய்த்து மடித்துத் திருப்பித் தந்தார்.

சபையில் கிருபாஷினி படத்தை உயர்த்திப் பிடித்தபோது நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். மண்ணிறம். பச்சைக் கட்டம். என் கை தட்டுவதை நிறுத்தியது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி தட்டினேன்.

இந்தக் கதையை 'அவள், அவர்' என்று எட்டநின்று எழுதியதற்குக் காரணம் கலை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை எங்கே வைப்பது என்று தெரியாததுதான் காரணம். எழுத ஒப்புக்கொண்ட அன்று ரயிலில் அவளிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தெரியும் அண்ணை. அவர் அண்டைக்கே சொல்லிப் போட்டார். வேறை எழுதிறவையள் இல்லையோ? ஏன் உங்களிட்டை வந்தனான் எண்டு நினைக்கிறியள்?"

வைலே நிலையம் கடந்து போனது. அவள் பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்து எனக்குப் பாதி தந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்புராஜாவை முதற்பிரதியில் கயவனாக எழுதினேன். இரண்டாம் பிரதியில் தியாகியாக எழுதினேன். இரண்டையும் அவளுக்குக் காட்டினேன். "ரெண்டும் அவர் இல்லை" என்றாள். "அவர் பயந்த மனுசன். பயத்திலை விடிய வெள்ளன குளிருக்கை சட்டையைக் கழட்டிப்போட்டு வயலுக்கை நிண்டவர். அப்பிடியே எழுதுங்கோ." இரண்டாம் பகுதியில் வெறுமையாக விட்ட இடத்துக்கு உரிய சொல் அவள் வாயிலிருந்துதான் கிடைத்தது.

அவள் அவரோடு நான்கு மாதம் கதைக்கவில்லை. சமைத்தாள், தோய்த்தாள், கதைக்கவில்லை. சனிக்கிழமைகளில் தைலப் போத்தல் மேசையில் இருந்தது. அவரே எட்டாத கையால் பூசிக்கொண்டார். இப்போது கதைக்கிறார்கள். எப்படித் தொடங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை.

8

இனி முடிவு. அது யோகமலரிடம் இருக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிருபாஷினி சென்னைக்கு அழைப்பது வழக்கம். குசினியில் எல்லாம் வெளிவந்தது வியாழன். நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் உணர்ந்ததைத் திருப்பித் திருப்பி ஒரே சொற்களில் சொன்னாள்: "மே இருபத்துநாலிலை அவர் நிண்ட இடத்திலை இப்ப நான் நிண்டன் அண்ணை."

யோகமலர் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். மகளுக்கு ஓகஸ்டில் சத்திர சிகிச்சை என்று நாள் குறித்திருந்தது. அப்பா வருவார் என்று சொல்லித்தான் பிள்ளையை ஊசிக்கு இணங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு முடிவு எழுதினேன்: கிருபாஷினி உண்மையைச் சொல்கிறாள், மறுமுனையில் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்கிறது. உடையும் சத்தம் மலிவாகப் பட்டது.

இன்னொன்று: சத்திர சிகிச்சை முடியும்வரை சொல்லாமல் விடுகிறாள்; பிறகு அடுத்த காரணம், அதற்கு அடுத்தது. அதில் அவள் அன்புராஜாவாகிவிட்டாள். அதுவும் அவளில்லை.

மூன்றாவதில் யோகமலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்துகொண்டே தோள் அவருடையது என்று சொன்னவள். இது அழகான முடிவு. அழகாக இருப்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நடந்தது இது. பத்து மணிக்கு அழைத்தாள். இரண்டு மணியொலியில் எடுக்கப்பட்டது. யோகமலர் இல்லை, பிள்ளை. அம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள்.

"மாமி, அப்பான்ரை படத்தைக் கீறினனான். பூவெல்லாம் கலர் அடிச்சிட்டன். கீழை பேர் எழுத வேணும். அந்தப் பூவுக்கு என்ன பேர் மாமி?"

கிருபாஷினி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ரயில் பிரெடெரிசியாவுக்குள் நுழையும்போது சொன்னாள். எழுதினேன், ஒரே ஒரு வரி. அடுத்த ஞாயிறு அதை வாசிக்கக் கொடுத்தேன். என் பேனாவை வாங்கி அந்த வரியை அவளே அடித்தாள், தாள் கிழியுமளவுக்கு.

யோகமலருக்கு இன்று எல்லாம் தெரியும். பிள்ளை சுகமாக இருக்கிறாள், படிக்கிறாள். இவ்வளவும் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கான பதிலுக்கு அனுமதி இல்லை.

"வாசிக்கிறவையளிட்டை விடுங்கோ" என்றாள். "போனைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கட்டும்."

ஆகவே வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடத்தோடு தாய் படியேறி வர ஒரு நிமிடம் இருக்கலாம். பிள்ளை பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

"மாமி? கேக்குதோ?"